அக்கா ஆடிய நான்கு ஓம் மேடை

அக்காவுக்குக் காது கேட்காது. மூன்று வயதில் வந்த மூளைக்காய்ச்சலில் கேட்கும் சக்தி போய்விட்டது. அவளுக்குச் சில வருடம் கழித்துப் பிறந்தவள் நான். வாயால் பேசப் பழகிய நாட்களிலேயே கையாலும் பேசப் பழகிவிட்டேன். எங்கள் வீட்டில் அம்மாவைவிட, அப்பாவைவிட, அக்காவின் கைப்பேச்சு எனக்குத்தான் வேகமாக வரும். அவள் கையால் சொன்னதையெல்லாம் இங்கே எங்கள் வீட்டுப் பேச்சாகவே எழுதுகிறேன். என் மனதில் அது அப்படித்தான் பதிந்திருக்கிறது.

நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீடு. அக்கா பக்கத்திலேயே ஒரு தையல் யூனிட்டில் வேலை பார்க்கிறாள். அங்கேயும் அடுத்த யூனிட்டிலுமாக, அக்காவையும் சேர்த்து, காது கேளாத பெண்கள் ஆறு பேர் இருக்கிறார்கள். ஆறு பேரும் சேர்ந்து ஒரு நடனக் குழு வைத்திருந்தார்கள். சுதந்திர தினம், மகளிர் தினம், யாராவது வீட்டு விசேஷம் என்று கூப்பிட்ட இடத்துக்குப் போய் ஆடுவார்கள். பாட்டு அவர்களுக்குக் கேட்காது என்பதால் மேடைக்குக் கீழே, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான் நிற்பேன். தாளத்தைக் கையால் எண்ணிக் காட்டுவேன். அவர்கள் என் கையைப் பார்த்து ஆடுவார்கள். பல வருடம் இப்படித்தான் நடந்தது.

ஒரு கல்லூரி விழாவில் அது குலைந்தது. பாட்டு, விழாக்காரர் ஒருவரின் கைபேசியிலிருந்து ஸ்பீக்கருக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது சரணம் ஆரம்பித்த நேரத்தில் அவருக்கு ஒரு அழைப்பு வந்தது. பாட்டு நின்று, அவருடைய ரிங்டோன் அரங்கம் முழுக்க அலறியது. மாணவர்கள் சிரித்தார்கள். நான் கையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஆறு பேரும் பாதியில் நிற்பார்கள். பாட்டு திரும்பி வந்துவிடும், அதுவரை கொண்டுபோய்விடலாம் என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். அவர் பதறிப்போய்ப் பாட்டை முதலிலிருந்து போட்டார். மேடையில் கடைசிப் பகுதி ஓடுகிறது, ஸ்பீக்கரில் முதல் பல்லவி ஓடுகிறது. ஆடி முடித்து அவர்கள் கும்பிட்டபோது பாட்டு பாதியைக்கூடத் தாண்டவில்லை. சிரிப்பு இன்னும் கூடியது.

வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்கூட்டரை நான் ஓட்டினேன். வண்டி ஓட்டிக்கொண்டு கையால் பேச முடியாது. அக்கா தோளில் தட்டினாள். ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினேன்.

"சிரிச்சாய்ங்கள்ல?" என்று கேட்டாள்.

"ஆமா."

"எதுக்கு?"

நடந்ததைச் சொன்னேன். ரிங்டோன் எப்படி அலறியது, அந்த மனிதர் கைபேசியை எப்படித் தூக்கிப் பிடித்துக்கொண்டு தவித்தார் என்று செய்து காட்டினேன். அவளே சிரித்துவிட்டாள். சிரித்து முடித்துவிட்டு, டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் பேசினாள்.

"அது கெடக்கட்டும். எனக்கு வேற ஒண்ணு இருக்கு. நாங்க ஆறு பேரும் உன் கையையே பாத்துக்கிட்டு ஆடுறோம். முன்னாடி எம்புட்டு பேரு உக்காந்திருக்காய்ங்க, ஒருத்தர் மொகத்தக்கூட நான் பாத்ததில்ல. யாருக்கு ஆடுறோம்னே தெரியாம ஆடுறேன்."

"அதுக்கு என்ன செய்யச் சொல்ற?"

"உன் கடைக்கு வந்தன்னைக்கு ஒரு கார்ல உக்காரச் சொன்னேல்ல. சீட்டு வழியா முதுகுக்கு ஏறுச்சே, திம் திம்முன்னு. அது எனக்குக் காலுக்கு வேணும். ஆறு பேருக்கும் வேணும்."

நான் கோரிப்பாளையத்தில் ஒரு கார் ஆடியோ கடையில் வேலை பார்க்கிறேன். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டுச் சில காலம் கைபேசி பழுது பார்த்தேன். பிறகு இங்கே வந்தேன். கடைக்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கோரிப்பாளையத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். சீட் கவர், மரப்பெட்டி, பிளைவுட் வேலையெல்லாம் அவர் கை. வயர், ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் எல்லாம் என் கை. ஒரு பெண் காருக்கு அடியில் படுத்து வயர் இழுப்பதைப் பார்க்கவே ஆரம்பத்தில் ஆட்கள் நின்றார்கள். இப்போது வண்டியை விட்டுவிட்டு, "அந்தப் பிள்ளையே போடட்டும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு இந்த வேலை நன்றாகத் தெரியும். அடக்கத்துக்காகக்கூட இல்லையென்று சொல்ல மாட்டேன்.

மறுநாள் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் அளவு டேப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

"தரையில அதிர்வு வேணும், அம்புட்டுத்தானே? மேடைக்கு மேல இன்னொரு மேடை போட்ருவோம் தங்கச்சி. மரச்சட்டம், மேல பிளைவுட், அடியில ஊஃபர். கழட்டி மாட்டுற மாதிரி செஞ்சிட்டா எந்த ஊருக்கும் தூக்கிட்டுப் போகலாம்."

"ஊஃபருக்கு எங்கண்ணே போறது?"

"அந்தச் சுற்றுலா வேன்ல இருந்து கழட்டுனமே, அது குடோன்ல சும்மாத்தான் கெடக்கு."

அந்த வேன்காரர் முதலில் சப்வூஃபர் என்கிற, கனத்த தாளத்துக்கான பெரிய ஸ்பீக்கர் நான்கு போட்டுக்கொண்டார். கொடைக்கானலுக்கு ஏறி இறங்குவதற்குள் பயணிகளுக்குத் தலைவலி வந்துவிடுகிறது என்று பிறகு எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்துவிட்டார். நான்கும் ஒரே அளவு, ஒரே வகை, பின்பக்கம் மின்தடை அளவு நான்கு ஓம் என்று அச்சிட்டது. எனக்கு அது பெரிய நிம்மதி. பல ஸ்பீக்கர்களை ஒரே ஆம்ப்ளிஃபையரில் சேர்க்கும்போது கலப்படம் ஆகாது. ஒன்று நான்கு ஓம், ஒன்று எட்டு ஓம் என்று இருந்தால் கிடைக்கும் சக்தியைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளாது. ஒரு மூலை குதிக்கும், ஒரு மூலை தூங்கும்.

அண்ணன் சட்டம் அடிக்க ஆரம்பித்தார். நான்கு தனித்தனித் துண்டுகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சப்வூஃபர் மேல்நோக்கி. போல்ட் போட்டு முடுக்கினால் ஆறு பேர் தாராளமாக ஆடும் அளவுக்கு ஒரே தளம். கால்களுக்கு அடியில் ரப்பர் கட்டைகள் வைத்தார். அதிர்வு கீழே இருக்கும் சிமெண்ட் தரைக்குப் போய் வீணாகாமல் பலகையிலேயே நிற்பதற்காக. ரப்பர் யோசனை முழுக்க அவருடையது.

ஒருநாள் காலையில் நான் ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்விட்டுக் கடைக்கு வந்தபோது, அவர் பொறுமையில்லாமல் நான்கையும் இணைத்துப் பார்த்திருந்தார். எல்லாச் சிவப்பு வயரும் ஒன்றாக, எல்லாக் கறுப்பு வயரும் ஒன்றாக, ஆம்ப்ளிஃபையரில் சொருகியிருந்தது. ஆம்ப்பில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஒரே ஒரு தட்டு தட்டுச்சு தங்கச்சி. அப்புறம் அமந்துபோச்சு. போச்சா?"

தொட்டுப் பார்த்தேன். சூடு இருந்தது, கருகல் வாசம் இல்லை.

"போகலண்ணே. தன்னையே காப்பாத்திக்கிருச்சு. நீங்க அதுக்கு ஒரு ஓம் குடுத்திருக்கீங்க. அது ரெண்டு ஓமுக்குக் கீழ தாங்காது."

"நாலு ஓம் ஊஃபர் நாலு போட்டா பதினாறுல்ல வரணும்? ஒண்ணுங்குற?"

இதை நான் கடையில் பலமுறை பலருக்கும் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு எங்கள் வயலை வைத்துச் சொன்னேன். எங்கள் கிணற்று மோட்டாரிலிருந்து நான்கு வாய்க்காலுக்கு நான்கு வால்வு இருக்கிறது. ஒன்றைத் திறந்தால் கொஞ்சம் தண்ணீர் போகும். நான்கையும் ஒரே நேரத்தில் திறந்தால் தண்ணீருக்கு நான்கு வழி, தடை குறைவு, தண்ணீர் நிறையப் போகும், மோட்டாருக்குச் சுமை ஏறும். ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் சேர்ப்பதும் அப்படித்தான். ஒவ்வொன்றும் மின்சாரத்துக்கு ஒரு புதிய வழி. வழி கூடக் கூட மொத்தத் தடை குறையும். ஆம்ப் தள்ள வேண்டிய கரண்ட் கூடும். அதன் சக்திக்கு மேல் போனால் சிவப்பு விளக்கு எரியும். விளக்கு இல்லாத மலிவு ஆம்ப் என்றால் புகைதான்.

"ஓம் கொறைஞ்சா பவர் கூடும்னு சொல்றாய்ங்களே, அது பொய்யா?"

"உண்மைதாண்ணே. குடுக்குறதுக்கு ஆம்புக்குத் தெம்பு இருக்குற வரைக்கும் உண்மை."

"அப்ப ஒண்ணோட வால இன்னொண்ணு தலையில குடுத்து வரிசையாப் போட்ருவோம்."

"போட்டுப் பாருங்க."

அவர் போட்டார். இப்போது நான்கும் தொடர் இணைப்பில், பதினாறு ஓம். எல்லா மின்சாரமும் ஒரே வாய்க்காலில் நான்கு மடைகளைத் தாண்டிப் போக வேண்டும். ஆம்ப் குளிர்ந்து கிடந்தது. பாட்டு ஓடியது. அண்ணன் உள்ளங்கையைப் பலகையில் வைத்தார்.

"எறும்பு ஊறுற மாதிரி இருக்கு."

"அக்காவுக்கு எறும்பு பத்தாது."

பிறகு நான் உட்கார்ந்தேன். இரண்டிரண்டாகத் தொடராக இணைத்தேன். ஒரு ஜோடி எட்டு ஓம், இன்னொரு ஜோடி எட்டு ஓம். அந்த இரண்டு ஜோடியையும் பக்க இணைப்பில் சேர்த்தேன். எட்டும் எட்டும் பக்கமாகச் சேர்ந்தால் நான்கு.

அண்ணன் சிரித்தார். "ஒத்தை ஊஃபரும் நாலு ஓம். நாலு ஊஃபர் சேந்தும் நாலு ஓமா?"

"ஆமாண்ணே. ஆம்புக்குத் தெரியிற சுமை ஒத்த ஊஃபரோட சுமைதான். வேலைய நாலு பேரு பங்கு போட்டுக்கிறாய்ங்க."

அவர் மல்ட்டிமீட்டரை எடுத்து முனைகளில் வைத்தார். நான்குக்குப் பதிலாக மூன்றும் சொச்சமும் காட்டியது. தப்பு கண்டுபிடித்த சந்தோஷத்தில் என்னைப் பார்த்தார். மீட்டர் காட்டுவது ஸ்பீக்கர் சுருளில் இருக்கும் செம்புக் கம்பியின் தடை மட்டும்தான் என்று சொன்னேன். சுருள் பாட்டுக்கு ஆட ஆரம்பித்த பிறகு அது மின்சாரத்தை எவ்வளவு எதிர்க்கிறது என்பதுதான் இம்பீடன்ஸ். அது ஒரே எண்ணில் நிற்காது. கனத்த சத்தத்துக்கு ஒன்று, அதைவிடக் கனத்ததற்கு இன்னொன்று என்று ஏறி இறங்கும். பெட்டியைப் பொறுத்தும் மாறும். பின்னால் அச்சிட்டிருக்கும் நான்கு என்பது ஒரு உத்தேச எண். அதனால்தான் ஆம்ப் இரண்டு ஓம் தாங்கும் என்றாலும் நான் அந்த விளிம்புக்குப் போகவில்லை. மேடையில் அக்கா இருக்கும்போது எனக்கு இடைவெளி வேண்டும்.

எந்த இரண்டை ஜோடி சேர்ப்பது என்பதில் எங்களுக்குள் கொஞ்சம் வாக்குவாதம் வந்தது. முன்வரிசை இரண்டு ஒரு ஜோடி, பின்வரிசை இரண்டு ஒரு ஜோடி என்றால் வயர் நேராகப் போகும், பார்க்கவும் சுத்தமாக இருக்கும் என்றார் அவர். நான் குறுக்காகச் சேர்க்க வேண்டும் என்றேன். முன்னால் இடது மூலையும் பின்னால் வலது மூலையும் ஒரு ஜோடி. மற்ற இரண்டும் ஒரு ஜோடி. தொடர் இணைப்பில் ஒன்று அறுந்தால் அதன் ஜோடியும் சேர்ந்து அடங்கிவிடும். நேராகச் சேர்த்தால் முன்வரிசையே செத்துப்போகும். குறுக்காகச் சேர்த்தால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று உயிரோடு இருக்கும்.

"நல்ல வேலைக்கு முன்னாடி அறுந்துபோறதப் பத்திப் பேசுற."

"வேன்ல பாதி வருஷம் அடிபட்ட சாமான்ணே. பேசித்தான் ஆகணும்."

வயர் அதிகம் செலவானாலும் என் சொல்படியே இழுத்தோம்.

அன்று வேலை முடிந்ததும் அக்கா பஸ்ஸில் வந்து இறங்கினாள். செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறினாள். நான் கனத்த தாளம் மட்டும் உள்ள ஒரு பாட்டைப் போட்டு, மேல்சத்தத்தையெல்லாம் வடிகட்டிவிட்டேன். அவள் நின்ற இடத்திலேயே கண்ணை மூடினாள். முகம் மாறியது. பிறகு ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தாள், வெந்நீரைப் பதம் பார்ப்பவள் போல. நடந்தவள் ஓரிடத்தில் நின்று, என்னைப் பார்த்துக் கையை விரித்தாள்.

"இங்க ஒண்ணும் இல்ல."

"எங்க?"

"இங்க நல்லா இருக்கு." இடது பக்கம் முன்னால் போய்க் காட்டினாள். பிறகு பின்மூலைக்குப் போனாள். "இங்கயும் இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல செத்துக் கெடக்கு. வலது பக்கம் அப்படி இல்ல."

நான் ஏறி நின்று பார்த்தேன். எனக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியவில்லை. சத்தம் காதில் விழுவதால் என் கால் ஏமாந்துபோகிறது. அண்ணன் நின்று பார்த்தார். அவருக்கும் அப்படியே. அக்கா பொறுமையிழந்து, சுண்ணாம்புக்கட்டியை வாங்கிப் பலகையில் ஒரு கோடு போட்டாள். கோட்டுக்கு அந்தப்பக்கம் சரி, இந்தப்பக்கம் சரி, கோட்டின் மேல் இல்லை.

ஓம் கணக்கு சரியாக இருந்தது. மீட்டரில் திரும்பவும் பார்த்துவிட்டேன். இணைப்பு சரி, ஆனால் நடுவில் அதிர்வு அடிபடுகிறது என்றால் காரணம் ஒன்றுதான். ஏதோ ஒன்றில் சிவப்பும் கறுப்பும் மாறிப்போயிருக்கிறது. மற்றவை மேலே தள்ளும்போது அது கீழே இழுக்கிறது. மீட்டருக்கு இது தெரியாது. வயரை எந்தப் பக்கமாகச் சொருகினாலும் ஓம் மாறாது.

கடிகாரத்துக்குப் போடும் ஒரு பேட்டரி செல்லை எடுத்துக்கொண்டு பலகைத் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்தச் சொன்னேன். செல்லை ஸ்பீக்கர் முனைகளில் லேசாகத் தொட்டால் அதன் காகிதக் கூம்பு ஒரு துள்ளு துள்ளும். சிவப்பில் கூட்டல் முனை பட்டால் வெளியே துள்ள வேண்டும். மூன்று வெளியே துள்ளின. இடது பக்கம் பின்னால் இருந்தது உள்ளே போனது. வேனில் வேலை பார்த்தபோது யாரோ அதன் முனைத்தகட்டைக் கழற்றி மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். சிவப்புச் சாயம் இருந்த முனை உண்மையில் கறுப்பு. வயரை மாற்றிச் சொருகினேன். அக்கா மறுபடி ஏறி, தான் போட்ட கோட்டின் மேலேயே நின்றாள். பிறகு உட்கார்ந்து அந்தக் கோட்டைத் துப்பட்டா முனையால் துடைத்தாள்.

"ஆம்பள, பொம்பள, மீட்டரு எல்லாரையும் உங்க அக்கா கால் ஜெயிச்சிருச்சு" என்றார் அண்ணன். நான் அதைக் கையால் சொன்னேன். அவள் அவருக்கு ஒரு சலாம் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு பேரும் வந்தார்கள். குழுவில் மூத்தவர், பேரன் எடுத்தவர், மேலே ஏறி ஒரு நிமிடம் நின்றுவிட்டு உடனே கீழே இறங்கிக் குனிந்து பலகைக்கு அடியில் பார்த்தார். உள்ளே யாராவது உட்கார்ந்து தட்டுகிறார்களா என்று அவருக்குச் சந்தேகம். இன்னொருத்தி, "பஸ்ஸுல கடைசி சீட்டு மாதிரி இருக்கு" என்றாள். அது புகாரா பாராட்டா என்று கேட்டேன். கடைசி சீட்டு அவளுக்குப் பிடிக்குமாம். ஒருத்தி மட்டும் முழங்கால் கூசுகிறது என்று பலகை ஓரத்திலேயே நின்றாள். நான் சத்தத்தை இன்னும் ஏற்றினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அக்கா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள்.

"கொற. கூட வச்சா எல்லாம் ஒரே ஆட்டமா ஆகிருது. தட்டு எது, தட்டுக்கு நடுவுல எது சும்மா இருக்குதுன்னு தெரியல."

குறைத்தேன். அவள் கை காட்டிய இடத்தில் குமிழை நிறுத்தி, பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டேன். பாட்டையும் அவர்களே காலால்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஊரே கொண்டாடும் பல பாட்டுகள் அவர்கள் காலுக்குக் குழப்பமாக இருந்தன. கடைசியில் பறையும் உறுமியும் தெளிவாக இடைவெளி விட்டு விழுகிற ஒரு பாட்டு நின்றது. சில மாதம் ஞாயிறுதோறும் கடையின் பின்கொட்டகையில் ஒத்திகை. முதல் சில வாரம் பழக்கதோஷத்தில் எல்லாரும் என் கையைத் தேடினார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு திரும்பி நின்றுகொண்டேன்.

அவர்களுடைய காது கேளாதோர் சங்கத்தின் ஆண்டுவிழா அந்த வருடம் டி. கல்லுப்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பலகைத் துண்டுகளைக் குட்டியானை வண்டியில் ஏற்றி, நானும் அண்ணனும் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்து போனோம். கார் ஆம்ப் என்பதால் கார் பேட்டரி இரண்டு கையோடு கொண்டுபோனேன். மண்டபத்தில் கரண்ட் போனாலும் என் மேடை ஓடும். பாட்டைப் பென்டிரைவில் வைத்திருந்தேன். யாருடைய கைபேசியும் என் பக்கத்தில் வர விடவில்லை. கூட்டத்தில் பாதி காது கேளாதவர்கள், பாதி அவர்கள் வீட்டு ஆட்களும் ஊர்க்காரர்களும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்கள் முறை வந்தது. ஆறு பேரும் ஏறி நின்றார்கள். நான் மேடைக்கு முன்னால் இல்லை, பக்கவாட்டில் ஆம்ப்புக்கு அருகே தரையில் உட்கார்ந்திருந்தேன். பாட்டைப் போட்டதும் முதல் தட்டிலேயே ஆறு காலும் ஒன்றாக விழுந்தன. அந்தச் சத்தத்தை நான் எதிர்பார்க்கவில்லை. இத்தனை வருடம் அவர்கள் என் கையைப் பார்த்து, அதைப் புரிந்து, பிறகு காலை வைப்பார்கள். அதில் ஒரு நூல் தாமதம் எப்போதும் இருக்கும். அன்றைக்கு அந்த நூல் இல்லை.

பாட்டு பாதியைத் தாண்டியிருக்கும். பலகை ஓரத்தில் வைத்திருந்த என் கைக்கு அதிர்வு இளைத்தது தெரிந்தது. அண்ணன் குனிந்து அடியில் எட்டிப் பார்த்தார்.

"முன்னாடி இடது மூலை அடிக்கல தங்கச்சி. பின்னாடி வலதும் அடிக்கல. ஆம்ப அமத்திருவோமா? வெடிச்சிரப் போகுது."

"அமத்தாதீங்க. ஒண்ணு அறுந்திருக்கு, ஜோடியும் சேந்து அடங்கிருச்சு. இப்ப ஆம்புக்கு எட்டு ஓம்தான் தெரியுது. சுமை கொறைஞ்சிருக்குண்ணே, கூடல."

"அப்ப சத்தத்தக் கூட்டு, சரிக்கட்டிரும்."

"வேணாம். மிச்சம் ரெண்டும் பழைய அளவுலயேதான் ஓடுது. கூட்டுனா அதுகளையும் கொன்னுருவோம்."

இதை நான் சொன்ன வேகத்தை இப்போது நினைத்தாலும் எனக்குப் பிடித்திருக்கிறது. யோசிக்கவே இல்லை. ஏற்கனவே யோசித்து முடித்த விஷயம்.

அக்கா நின்றிருந்தது சரியாக அந்த இடது மூலைக்கு மேலே. அவள் கண் ஒரு நொடி என் பக்கம் வந்தது. மார்புக்கு நேராகச் சின்னதாகக் கை காட்டினேன். ரெண்டு போச்சு, ரெண்டு இருக்கு, ஆடு. அவள் தலையைக்கூட ஆட்டவில்லை. அடுத்த சுற்றில் சுழன்று வரும்போது ஒரு அடி கூடுதலாக வைத்து நடுவுக்கு வந்தாள். சுழற்சியின் வீச்சிலேயே கையை விரித்து மற்றவர்களையும் உள்ளே கூப்பிட்டாள். பின்னால் வலது மூலையில் இருந்தவள் முதலில் புரிந்துகொண்டு நகர்ந்தாள். பிறகு எல்லாரும். ஆறு பேரும் ஒரு இறுக்கமான வட்டமாகி, உயிரோடு இருந்த இரண்டு மூலைகளுக்கு நடுவே ஆடினார்கள். கூட்டம் அதை நடனத்தின் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டியது. பின்வரிசையில் இருந்த மூத்தவர் அந்த நெருக்கத்தில் யாருடைய காலையோ மிதித்துவிட்டார், அது மட்டும்தான் கேடு.

பாட்டு முடிந்த தட்டிலேயே அவர்களும் நின்றார்கள். காது கேட்கிற பாதி கைதட்டியது. கேளாத பாதி, அவர்கள் வழக்கப்படி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டியது. அக்கா கும்பிடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்று கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் இறங்கிய பிறகுதான் இறங்கினாள்.

அண்ணன் கையில் டார்ச்சோடு அடியில் படுத்திருந்தார். கூம்புக்கும் முனைக்கும் நடுவே போகிற பின்னல் கம்பி அறுந்திருந்தது. விரல் நகத்தின் அளவுதான். சுருளுக்கு ஒன்றும் ஆகவில்லை. "அல்ஹம்துலில்லாஹ், ஒட்டிரலாம்" என்று அடியிலிருந்தே குரல் கொடுத்தார்.

அக்கா என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். முகமெல்லாம் வியர்வை.

"என்ன பாத்த?" என்று கேட்டேன்.

"எல்லாரையும் பாத்தேன். நம்ம அம்மா முதல்ல இருந்தே அழுதுக்கிட்டிருந்துச்சு, என்னத்துக்குன்னு தெரியல. மூணாவது வரிசையில ஒருத்தரு கொட்டாவி விட்டாரு. முழுசாப் பாத்தேன்."

"கோவம் வந்துச்சா?"

"இல்ல. அவருக்காகத்தான் கடைசிச் சுத்து நல்லா ஆடுனேன். நிமிந்து உக்காந்தாரு."

அது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. குழுவில் இப்போது பத்துப் பேர் இருக்கிறார்கள். அதில் இரண்டு பேருக்குக் காது நன்றாகவே கேட்கும், ஒருவர் அண்ணனின் மனைவி. பலகை பத்தாது என்று அக்கா சொல்லிவிட்டாள். எட்டு சப்வூஃபர் வைத்துப் பெரிதாகச் செய்துகொண்டிருக்கிறோம். எட்டையும் அதே முறையில் சேர்த்தால் இரண்டு ஓம் வரும், ஆம்ப் தாங்கும், ஆனால் விளிம்பில் நிற்கும். அதனால் இரண்டு ஆம்ப், ஒவ்வொன்றுக்கும் நான்கு, ஒவ்வொன்றுக்கும் நான்கு ஓம் என்று முடிவு செய்தேன். அண்ணன் இந்த முறை எதிர்த்துப் பேசவில்லை. குறுக்கு ஜோடிகளை அவரே பலகையில் பென்சிலால் வரைந்து வைத்திருந்தார்.

போன ஞாயிறு வயர் முனைகளை நான் ஒட்டிக்கொண்டிருந்தபோது அக்கா வந்து என் கையிலிருந்த சால்டரிங் கோலை வாங்கிக்கொண்டாள். தையல் ஊசியைப் பிடித்துப் பழகிய கை, என்னைவிட நிதானம். ஒவ்வொரு முனையையும் ஒட்டிவிட்டு, செல்லைத் தொட்டு, கூம்பு வெளியே துள்ளுகிறதா என்று விரல் நுனியை வைத்துப் பார்த்தாள். அண்ணன் சொருகிய ஒரு இணைப்பில் செம்பு இழை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, பக்கத்து முனையில் பட்டால் ஷார்ட் ஆகிவிடும். அவரைத் தோளில் தட்டிக் கூப்பிட்டு அந்த இழையைக் காட்டினாள். அவர் அதைப் பிரித்து மறுபடி முறுக்கிக் கொடுத்தார்.